கணக்கில் குறை சொல்ல முடியாது

யாரும் வந்து கேட்காத கடனை, கேட்பதற்கு முன்பே தொகை போட்டு எழுதி வைக்கிற நேர்மை பொதுக் காப்பீட்டுத் தொழிலைப் போல வேறு எந்தத் தொழிலிலும் நான் கண்டதில்லை. மார்ச் 31ஆம் தேதிக்கு இருப்புநிலைக் குறிப்பு போடும்போது, தெரிந்த நஷ்டங்களில் எவ்வளவு பாக்கி என்று எழுதுவதோடு இன்ஷூரன்ஸ் கம்பெனி நிற்பதில்லை. நடந்து முடிந்தும் இன்னும் தன் காதுக்கு எட்டாத நஷ்டங்களுக்கும் ஒரு தொகையை ஒதுக்குகிறது. ஐபிஎன்ஆர் என்று அதற்குப் பெயர். அதைக் கணக்கிட்டுச் சான்று கொடுக்கவென்றே ஒவ்வொரு கம்பெனியிலும் நியமன ஆக்சுவரி ஒருவர் இருக்கிறார். வருடக் கணக்கில் தேர்வு எழுதித் தேறிய மனிதர். அவர் போடும் கையெழுத்து லேசுப்பட்டதல்ல.

இந்தத் திறமையின் அருமை தெரிய வேண்டுமானால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வர வேண்டும். கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சிப்காட், அதில் இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள், அந்த ஆலைகளுக்குப் பாகம் கடைந்து கொடுத்தே பிழைக்கும் லேத் பட்டறைகள், பட்டறைகளுக்கு பேரிங்கும் எண்ணெயும் விற்கும் கடைகள். கிழக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே ஆரணி ஆறு, அதையும் தாண்டினால் கொசஸ்தலை. 2015 டிசம்பரில் வெள்ளம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். அடுத்த டிசம்பரில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று திருவள்ளூர் மாவட்டத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடத்தின் நஷ்டங்களுக்கு மொத்தம் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும், அதில் எவ்வளவு முதல் வருடம் போகும், எவ்வளவு மூன்றாம் வருடம் வரை இழுக்கும் என்று கம்பெனி சொல்லும். பெரும்பாலும் சரியாகவே சொல்லும்.

எப்படிச் சொல்கிறது என்பது ரகசியம் இல்லை. ஒரு முக்கோணம் வரைகிறார்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக நஷ்டம் நடந்த வருடங்கள். மேலே குறுக்காக, அதற்குப் பிறகு கடந்த காலம். கட்டங்களுக்குள் அதுவரை கொடுத்த தொகை. ஒரு பழைய வருடத்தின் நஷ்டத்துக்கு முதல் வருட முடிவில் 40 கோடி கொடுத்திருந்தார்கள், இரண்டாம் வருட முடிவில் அது 70 ஆனது, மூன்றாம் வருட முடிவில் 84இல் நின்றது என்று வைத்துக்கொள்வோம். 40 எழுபதானால் 1.75 மடங்கு. 70 எண்பத்து நான்கானால் 1.2 மடங்கு. இந்த வருட நஷ்டத்துக்கு முதல் வருட முடிவில் 50 கோடி கொடுத்திருந்தால், அதை 1.75ஆலும் பிறகு 1.2ஆலும் பெருக்கினால் 105. ஆக, கொடுக்க வேண்டிய பாக்கி 55 கோடி. உண்மையான முக்கோணத்தில் பல வருடங்களின் சராசரி எடுப்பார்கள், தீ, வெள்ளம், வாகனம் என்று தனித்தனியாகப் போடுவார்கள், பெருவெள்ளத்தைத் தனியே பிரிப்பார்கள். சாரம் இவ்வளவுதான். கொடுத்த தொகை மிகக் குறைவாக இருந்து மடங்குகளை நம்ப முடியாத வருடங்களுக்கு போர்ன்ஹூட்டர், ஃபெர்குசன் என்ற இருவர் 1972இல் வேறொரு வழி சொன்னார்கள். வாங்கிய பிரீமியத்தையும் வழக்கமான நஷ்ட விகிதத்தையும் வைத்தே மீதியை மதிப்பிட்டுவிடலாம். ஒரு கிளைம் கூட வந்து சேராத நிலையிலும் கடன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அந்த முக்கோணத்தில் நான் வியப்பது அதன் பொறுமையை. தாமதம் ஏன் வந்தது என்று அது ஒருபோதும் கேட்பதில்லை. சர்வேயர் மூன்று மாதம் கழித்து வந்தாரா, கோப்பு ஒரு மேஜையில் ஆறு மாதம் தூங்கியதா, பட்டறைக்காரர் நீதிமன்றம் போனாரா, எல்லாமே அதற்கு ஒன்றுதான்: இரண்டாம் வருடக் கட்டத்தில் ஓர் எண். வடகிழக்குப் பருவமழை எப்படி இயற்கையோ அப்படியே கம்பெனியின் தாமதமும் இயற்கை என்று எடுத்துக்கொண்டு, போன வருடத் தாமதத்தை அடுத்த வருடத்துக்கும் நேர்மையாக எழுதி வைக்கிறது. யார் மீதும் பழி போடாத கணக்கு.

கைவிட்டவர்களையும் அது மறப்பதில்லை. அலைந்து சலித்து, ‘போகட்டும், கடனை உடனை வாங்கி மெஷினை ஓட்டுவோம்’ என்று ஒருவர் விட்டுவிட்டால், அவர் கோப்பு ஒரு நாள் பணம் தராமலேயே மூடப்படும். அந்தப் பூஜ்யமும் முக்கோணத்துக்குள் போகிறது. எதிர்பார்த்ததைவிட நஷ்டம் குறைவாக முடிந்தது என்று பதிவாகிறது. அதன் பங்குக்கு மடங்கு கொஞ்சம் இறங்குகிறது, அடுத்த வருடத்துக்கு ஒதுக்க வேண்டியதும் கொஞ்சம் இறங்குகிறது. ஒரு சிறு முதலாளியின் களைப்பைக் கூட வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளும் சிக்கனம் இது.

இனி பட்டறைக்கு வருவோம். தண்ணீர் வடிந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். சுவரில் இடுப்பளவுக்கு ஒரு சேற்றுக்கோடு. கீழ்த் தட்டில் அடுக்கியிருந்த பேரிங் பெட்டிகள் ஊறிப் பிரிந்து கிடக்கும். மோட்டார்களைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு ஏற்றி அனுப்பத் துடிப்பார்கள். ஆனால் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் நகர்த்தக் கூடாது என்று ஏஜென்ட் போனில் சொல்லியிருப்பார். சர்வேயர் வந்து கோட்டின் உயரத்தை டேப் வைத்து அளப்பார். படம் எடுப்பார். கடையப்பட்ட பாகங்களை எண்ணி, துரு பிடித்தவை எத்தனை, துடைத்தால் தேறுபவை எத்தனை என்று பிரித்து எழுதுவார். இந்த வேலை தெரிந்த சர்வேயர் ஒருவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு படிப்பு. சேற்றில் நின்றுகொண்டே, எந்த மோட்டார் முன்பே எரிந்தது, எது இந்தத் தண்ணீரில் போனது என்று சொல்லிவிடுவார்.

“ஸ்டாக் ரெஜிஸ்டர் எங்க சார்?”

“அதுவும் கீழ் ராக்குலதான் சார் இருந்துச்சு.”

“சரி, இருக்கறத கொடுங்க. ஆடிட்டர்கிட்ட பேலன்ஸ் ஷீட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்னு, பர்ச்சேஸ் பில்லு எல்லாம் வாங்கி மெயில் பண்ணிடுங்க.”

கேட்டது நியாயம்தான். கணக்கு இல்லாமல் பொதுப் பணத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது. பொய்க் கிளைம் போடுபவர்களும் இதே தெருவில் இருக்கிறார்கள். அதன் பிறகு வரும் கடிதங்கள்தான் பாராட்டுக்குரியவை. ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்டுப் பட்டறைக்காரரைத் திணறடிப்பதில்லை. முதலில் மூன்று வருட வரவு செலவுக் கணக்கு. அதைக் கொடுத்த பிறகு மாதவாரி கொள்முதல் விவரம். அதையும் கொடுத்த பிறகு வானிலை ஆய்வு மையத்தின் மழை அளவு. மாவட்டமே மூழ்கியதைத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் பார்த்திருந்தாலும், மழை பெய்ததற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ‘எங்கள் உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். தன் உரிமையை இவ்வளவு விடாமல் நினைவில் வைத்திருப்பவர்களை வேறெங்கும் காண்பது அரிது.

பிறகு கழித்தல் கணக்கு. இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறு தொழில்காரர்கள் வாயடைத்துப் போவது இங்கேதான். பட்டறையில் 1 கோடி ரூபாய் சரக்கு. வங்கி கொடுத்திருக்கும் கேஷ் கிரெடிட் (சி.சி.) வரம்பு 60 லட்சம். பாலிசியை வங்கியே தன் கடன் அளவுக்கு, 60 லட்சத்துக்கு எடுத்து, பிரீமியத்தைக் கணக்கில் கழித்துவிடும். பாலிசியின் நகல் முதலாளி கண்ணில் படாமலே வருடங்கள் ஓடும். வெள்ளத்தில் 20 லட்சம் சரக்கு போகிறது. 60 லட்சத்துக்குக் காப்பீடு இருக்கிறது, போனது 20தானே, முழுதாக வரும் என்று அவர் நினைக்கிறார். முதலில் சால்வேஜ்: நனைந்த இரும்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் 3 லட்சம் தேறும் என்று கழிப்பார்கள். மிச்சம் 17. சரக்கின் மதிப்பில் 60 சதவீதத்துக்குத்தானே காப்பீடு செய்தாய், ஆகவே நஷ்டத்திலும் 60 சதவீதம்தான். 10 லட்சத்து 20 ஆயிரம். பாலிசியில் எழுதியிருக்கும் எக்ஸஸ் தொகை அதிலிருந்தும் கழியும். எந்திரம் என்றால் தேய்மானம் வேறு. கடைசியில் வருகிற காசோலையும் வங்கி ஷரத்தின்படி நேராகக் கடன் கணக்குக்குப் போகும்.

இதில் ஒரு படி கூடத் தவறில்லை. காப்பீடு குறைந்த விகிதத்திலேயே நஷ்டஈட்டையும் குறைக்கும் இந்தச் சராசரி விதி உலகம் முழுவதும் உள்ளது. 2021 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனங்களுக்கென்று வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, பாரத் லகு உத்யம் சுரக்ஷா பாலிசிகளில் 15 சதவீதம் வரை குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்ற நல்ல சலுகையும் இருக்கிறது. 40 சதவீதக் குறைவுக்கு அது போதாது. நான் பாராட்டுவது இந்த விதியின் நினைவாற்றலை. பிரீமியம் வாங்கிய வருடங்களில் எல்லாம், ‘உங்கள் சரக்கு 1 கோடி, பாலிசி 60தான்’ என்று சொல்ல அதற்கு ஞாபகம் வருவதில்லை. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்கும் வங்கிக்கும் வருவதில்லை. தண்ணீர் வடிந்த அன்று இரண்டு பேருக்கும் பளிச்சென்று ஞாபகம் வருகிறது.

கால அளவு பற்றிச் சட்டம் பேசவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளில் சர்வேயரை 72 மணி நேரத்தில் நியமிக்க வேண்டும் என்றிருந்தது. 2024 ஜூனில் வந்த முதன்மைச் சுற்றறிக்கை அதை 24 மணி நேரமாக்கி, 15 நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்த 7 நாளில் முடிவு என்று இறுக்கியது. ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிளைமைத் தள்ளக் கூடாது என்றும் சொன்னது. மிக்ஜாமுக்குப் பிறகு வந்த நல்ல விதி. தாமதித்தால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி என்றும் 2017 விதிகளில் இருந்தது. அந்த வட்டிக்கடிகாரம் கடைசித் தேவையான ஆவணம் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கியது. கடைசி ஆவணம் எது என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் கம்பெனி வேறு யார் மீதும் சுமத்தாமல் தானே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

காசோலைக்கு முன்பு ஒரு வவுச்சர் வரும். முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். தொழிலாளிக்கு ஒரு மாதச் சம்பளம் பாக்கி, வங்கியிலிருந்து நோட்டீஸ் என்று நிற்கிறவர் போட்டுவிடுவார். அப்படிப் போட்ட கையெழுத்து, நிர்ப்பந்தத்தில் பெறப்பட்டது என்றால் வழக்குக்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே அஜ்மீர் சிங் பருத்தி ஆலை வழக்கில் சொல்லிவிட்டது. சர்வேயர் அறிக்கை தெய்வ வாக்கு அல்ல என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் சொன்னது. அதே ஆண்டில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்குப் பிடித்த அறிக்கை கிடைக்கும் வரை சர்வேயர் மேல் சர்வேயராகப் போட்டுக்கொண்டே போகக் கூடாது என்றது. ஓர் எளிய ஒழுக்கத்தைச் சொல்லித்தர நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் நேரத்தை வாங்கிக்கொடுத்ததும் இந்தத் தொழில்தான். சென்னை இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் செலவில்லாமல் போகலாம், 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்வார். தனி உரிமையாளரும் குறுந்தொழில் நிறுவனமும் போகலாம். அதைவிட ஒரு படி பெரிய பிரைவேட் லிமிடெட் என்றால் வக்கீல்தான்.

நெடுஞ்சாலையில் நடக்கும் சாவுக்கும் இதே கணக்கு உண்டு. உருக்காலையில் வேலை முடித்துச் சாலையைக் கடக்கிற 28 வயதுத் தொழிலாளி, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர், லாரியில் அடிபட்டு இறக்கிறார். மாதம் 15,000 சம்பளம். உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால், சர்லா வர்மா தீர்ப்பின்படி அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு போக 14,000. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, அந்த வயதுக்குரிய பெருக்கியான 17ஆலும் பெருக்கினால் 28 லட்சத்து 56 ஆயிரம். ஈமச் செலவு போன்றவை தனி. ஐந்து நிமிட வேலை. விபத்துத் தகவல் கிடைத்த கையோடு கம்பெனிக்குள் இப்படி ஒரு தொகை அந்தக் கோப்பின் மேல் ஏறிவிடும். 30 நாளுக்குள் சமரசத் தொகை முன்வைக்க 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் வழியும் இருக்கிறது. ஆனாலும் வாகனக் காப்பீட்டின் மூன்றாம் நபர் முக்கோணம்தான் எல்லா முக்கோணங்களிலும் நீளமான வாலுடையது. அந்த மனைவி தீர்ப்பாயத்துக்கு நடக்கும் வருடங்கள் அந்த வால்.

அதியமானின் தூதாகப் போன ஔவை, நெய் பூசி, பீலி அணிவித்து, மாலை சூட்டிக் காத்துவைத்த தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்ந்ததைப் புறநானூறு வைத்திருக்கிறது. அந்தத் தொண்டை மண்டலத்தில்தான் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. ஒதுக்கி வைத்த தொகைகளும் அப்படியே அப்பழுக்கில்லாமல் காக்கப்படுகின்றன. அரசுப் பத்திரங்களில் முதலீடாகி வட்டி ஈட்டுகின்றன. அதே நாட்களில் பட்டறைக்காரர் சி.சி. கணக்குக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரே தாமதத்துக்கு ஓரிடத்தில் வட்டி வரவு, இன்னோரிடத்தில் வட்டிச் செலவு. இரண்டும் அந்தந்தப் புத்தகத்தில் பைசா தவறாமல் ஏறுகின்றன.

வெளிப்படைத்தன்மையிலும் குறையில்லை. ஒவ்வொரு கம்பெனியும் காலாண்டுதோறும் தன் இணையதளத்தில் படிவங்களை வெளியிடுகிறது. என்எல்-37 எத்தனை கிளைம் வந்தது, முடிந்தது, மறுக்கப்பட்டது என்று சொல்லும். என்எல்-39 முடித்தவற்றுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று வயதுவாரியாகச் சொல்லும். தாமதத்துக்கென்று வருடக் கணக்கில் பத்திகளே ஒதுக்கியிருக்கிறார்கள். தீ, கடல், வாகனம் என்று வகைவாரியாக வரிசைகள் இருக்கின்றன. மாவட்டத்துக்கு வரிசை கிடையாது. மிக்ஜாமில் திருவள்ளூர் மாவட்டத்தின் சிறு ஆலைகள் எவ்வளவு கேட்டன, எவ்வளவு பெற்றன, எத்தனை கோப்பு ஆவணம் வரவில்லை என்று மூடப்பட்டது என்பதை அந்தப் படிவங்களை எத்தனை முறை புரட்டினாலும் அறிய முடியாது. 2015 வெள்ளத்தின் பொருளாதார நஷ்டம் சுமார் 220 கோடி டாலர், அதில் காப்பீடு இருந்தது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் என்று மறுகாப்பீட்டு நிறுவனமான ஸ்விஸ் ரீ மதிப்பிட்டது. மீதி இரண்டு பங்கு எந்த முக்கோணத்திலும் இல்லை. மிக்ஜாம் வெள்ளத்தில் கலந்து வந்த எண்ணெய் படிந்த வலையோடு நின்ற எண்ணூர் மீனவருக்கும், ஆலை மூடியிருந்த நாட்களுக்குக் கூலி இழந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஐபிஎன்ஆரில் கூட இடமில்லை. பாலிசி இல்லாதவருக்கு நஷ்டம் நடந்ததாகக் காப்பீட்டுக் கணக்கு நினைப்பதில்லை.

பிரிட்டனில் 2017 மே 4 முதல் எடுத்த பாலிசிகளுக்கு, நியாயமான காலத்துக்குள் பணம் தராத இன்ஷூரன்ஸ் கம்பெனி, அந்தத் தாமதத்தால் தொழிலுக்கு வந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பணம் வராததால் ஆர்டர் கைவிட்டுப் போனால், அந்த ஆர்டரின் லாபத்தையும் கேட்கலாம். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சர்வேயர் முதல் தடவை வந்து போன சில நாளிலேயே ஒரு முதற்கட்ட அறிக்கை அனுப்புகிறார். அதில் உத்தேச நஷ்டம் இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் கோப்பின் மேல் ஒதுக்கீடு எழுதுகிறார்கள். பட்டறைக்காரரின் பெயருக்கு நேராக, கம்பெனியே தன் கையால், நான் இவருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதி வைத்திருக்கும் தொகை அது. அதை அவரிடம் சொல்வதில்லை. இடைக்காலமாக ஒரு பகுதியைக் கொடுக்க விதியில் தடையில்லை. பேரிடர் நேரங்களில் கொடுத்துமிருக்கிறார்கள். 17 லட்சம் நஷ்டத்தில், எவ்வளவு கழித்தாலும் 8 லட்சத்துக்குக் கீழே போகாது என்று சர்வேயருக்கும் தெரியும், கிளை மேலாளருக்கும் தெரியும், ஆக்சுவரிக்கும் தெரியும். அந்த 8 லட்சத்தை டிசம்பரிலேயே கொடுத்தால் மோட்டார்கள் ரீவைண்டிங்கிலிருந்து திரும்பி வரும், பொங்கலுக்கு முன்னால் ஆட்களுக்குச் சம்பளம் போகும், உருக்காலையின் ஆர்டர் வேறு பட்டறைக்குக் கைமாறாது. மீதிக்கு எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுதட்டும், எத்தனை ஆவணம் வேண்டுமானாலும் கேட்கட்டும். அவர் பதில் எழுதுவார், பட்டறை ஓடிக்கொண்டிருந்தால்.